கல்கிசை மணலில் புதையாமல் சைக்கிள் ஓட: அகல ரிம் தெரிவதிலிருந்து காற்றைக் குறைப்பது வரை

ஞாயிறு காலையில் கல்கிசைக் கடற்கரையில் என் சைக்கிளை மறித்து விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் டயரைத்தான் அமுக்கிப் பார்ப்பார்கள். "காத்து இல்லையே தம்பி" என்பார்கள். அப்புறம் எங்கே வாங்கினது, எவ்வளவு முடிந்தது, மணலில் உண்மையாகவே போகுமா என்று கேள்விகள் வரும். டயருக்கு உள்ளே இருக்கிற ரிம்மைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனால் காசைக் கொட்டிப் பிழையாக வாங்குவது பெரும்பாலும் அந்த ரிம்மில்தான், நானும் ஒரு சோடி ரிம்மை அப்படி வாங்கி, பூட்டி, கழற்றி, கடைசியில் வேறொருவருக்குக் கொடுத்தேன். கொழும்பில் இருந்துகொண்டு மணலில் ஓட ஒரு சோடி அகலச் சில்லு செய்ய நினைக்கிறவர்கள் எதை முதலில் அளக்க வேண்டும், எந்த அகலம் போதும், கம்பி பூட்டும்போது என்ன பார்க்க வேண்டும், காற்றை எவ்வளவு விட வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

சாதாரண சைக்கிள் மணலில் ஏன் புதைகிறது என்பது விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கிவிடும். டயர் நிலத்தைத் தொடும் பரப்பு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரில் 40 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு) இருந்தால் அது ஒரு சதுர சென்ரிமீற்றருக்குக் கிட்டத்தட்ட 2.8 கிலோ, ஆக இரண்டு டயரும் சேர்ந்து ஏறக்குறைய 32 சதுர சென்ரிமீற்றர்தான் நிலத்தில் படும். இரண்டு தீப்பெட்டியைப் படுக்க வைத்த இடம், அவ்வளவுதான். அந்த இடத்தில் 90 கிலோவை இறக்கினால் காய்ந்த மணல் விலகிக்கொடுக்காமல் என்ன செய்யும்? இதையே 8 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் பரப்பு 160 சதுர சென்ரிமீற்றர் ஆகிறது, ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு உள்ளங்கை அளவு. டயரின் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்கும் என்பதால் இது கிட்டவான கணக்குத்தான், ஆனால் சங்கதி இதுதான்: மணலில் உங்களைத் தாங்குவது குறைந்த காற்று.

அப்படியென்றால் வீட்டில் நிற்கிற மவுண்டன் பைக்கின் டயரில் காற்றை 8க்கு இறக்கிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். போக முடியாது. ஒல்லி டயரில் அவ்வளவு குறைத்தால் முதல் கல்லிலேயே ரிம் நிலத்தில் இடிக்கும், டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். சரி, டயரை மட்டும் பெரிதாகப் போட்டு ரிம்மை ஒல்லியாகவே விட்டால்? டயர் ஒரு பலூன் மாதிரி ரிம்மின் மேல் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும், வளைவில் திருப்பும்போது ஹாண்டில் ஒன்று சொல்ல டயர் வேறொன்று செய்யும், காற்று இன்னும் குறைந்தால் டயரின் ஓரம் ரிம்மிலிருந்து கழன்றே விடும். ரிம்மை அகலமாக்கும்போது டயரின் இரண்டு கால்களும் விரிந்து நிற்கின்றன. அப்போதுதான் 6 பி.எஸ்.ஐ.யிலும் அது சவண்டு போகாமல் நிற்கிறது. அகல ரிம்மின் வேலை இதுதான், குறைந்த காற்றில் டயரை நிமிர்த்தி வைத்திருப்பது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு பந்தியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பனியும் மணலும் இதில் ஒன்றாகச் சந்திக்கிற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அலாஸ்காவில் 1987இல் ஐடிட்டாபைக் என்று பனிப்பாதையில் ஒரு சைக்கிள் ஓட்டப்போட்டி தொடங்கியது. கடையில் அகல ரிம் கிடைக்காத காலம் அது, அதனால் அங்கே ஓடியவர்களில் சிலர் இரண்டு ரிம்மைப் பக்கம் பக்கமாக ஒட்டவைத்து ஒரே சில்லாக்கிப் பார்த்தார்கள். பிறகு அலாஸ்காவின் ஃபெயார்பேங்க்ஸ் நகரில் சைமன் ராக்கோவர் என்பவர் 44 மி.மீ. அகலத்தில் ஸ்னோகேட் என்ற ரிம்மைக் கொண்டுவந்தார். இன்னொரு பக்கத்தில், அமெரிக்காவின் தெற்கில், ரே மொலினா என்பவர் மணல்மேடுகளில் ஓடுவதற்காக 82 மி.மீ. ரிம்மும் 3.5 அங்குல டயரும் செய்துகொண்டிருந்தார். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கண்டுகொண்ட பிறகுதான் இன்றைய ஃபேட் பைக், அதாவது மிக அகலமான டயர் போட்ட சைக்கிள், உருவானது. 2005இல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற சைக்கிளை, 65 மி.மீ. ரிம்மும் 3.7 அங்குல டயருமாக, எவரும் கடையில் வாங்கக்கூடிய பொருளாக விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் மற்ற நிறுவனங்கள் வரிசையாக வந்தன.

எந்த அகலம்?

இன்று கிடைக்கிற ஃபேட் ரிம்களைக் கிட்டத்தட்ட மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்: 65 மி.மீ., 80 மி.மீ., 100 மி.மீ. முதலாவது 3.8, 4.0 அங்குல டயருக்குப் பொருந்தும். 80 மி.மீ. ரிம்மில் 4.0 இலிருந்து 4.8 வரை போடலாம். 100 மி.மீ. என்பது 4.8, 5 அங்குல டயருக்கு, அதாவது ஆழமான புதுப்பனியில் பாதை போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு. கடைக்காரர் சொல்லும் அளவு வெளி அகலமா உள் அகலமா என்று கட்டாயம் கேளுங்கள், டயர் உட்காருவது உள் அகலத்தில்தான். ரிம் 10 மி.மீ. அகலமானால் அதே டயர் சுமார் 4 மி.மீ. அகலமாகும் என்பது ஒரு நல்ல கைக்கணக்கு. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கிற அங்குலத்தை அப்படியே நம்ப வேண்டாம், காற்றடித்து ஒரு நாள் விட்டு கேலிப்பரால் அளந்து பார்த்தால் பல டயர்கள் எழுதியிருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், கொழும்பில் இருக்கிறவர் 100 மி.மீ. பக்கம் போகவே தேவையில்லை. வெள்ளவத்தையில் இருந்தாலும் தெகிவளையில் இருந்தாலும் மணலுக்குப் போகும் முன் காலி வீதியில் பஸ்ஸோடும் த்ரீவீலோடும் போட்டிபோட்டுத்தான் போக வேண்டும், அந்தத் தார் வீதியில் 100 மி.மீ. ரிம் ஒரு பெரிய சுமை. அதோடு மிக அகலமான ரிம்மில் டயரின் மேற்பரப்பு தட்டையாகிப் பெட்டி மாதிரி ஆகிவிடும், சாய்ந்து திரும்புவது கடினம், ரிம்மின் விளிம்பும் டயருக்கு வெளியே துருத்திக்கொண்டு கல்லில் அடிபடும். 65க்கும் 80க்கும் இடையில் எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். உங்கள் எடை 80 கிலோவுக்கு மேல் என்றால் 80 மி.மீ. பக்கம் சாயுங்கள்.

ரிம்முக்கு முன் பிரேமை அளவுங்கள்

என் பிழை இங்கேதான் நடந்தது. என்னிடம் இருந்தது 4.0 அங்குல டயருக்கென்று செய்த பிரேம், பின் ஹப் (சில்லின் நடுவில் அச்சைச் சுற்றி இருக்கும் பகுதி) 170 மி.மீ. ஆசையில் 100 மி.மீ. ரிம்மும் 4.8 டயரும் வாங்கினேன். பூட்டினால் முன்பக்கம் சரி, பின்பக்கம் பிரேமில் உரசவில்லை, நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் மணலில் ஏற ஆகச் சின்ன கியருக்கு மாற்றியதும் செயின் டயரில் உரசத் தொடங்கியது. மணலில் தேவைப்படுவதே அந்தக் கியர்தான். அந்தச் சோடி ரிம்தான் நான் முதலில் சொன்னது.

எனவே கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். பின் சில்லைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இடத்தின் நடுவிலிருந்து முன்பக்கமாக 33 சென்ரிமீற்றர் அளந்து, அங்கே பெடல் அச்சிலிருந்து பின் அச்சுக்கு வரும் கீழ்க்குழாய்கள் இரண்டுக்கும் இடையிலுள்ள உள் இடைவெளியைப் பாருங்கள். 26 அங்குல ஃபேட் டயர் ஆக அகலமாக இருப்பது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். 37 சென்ரிமீற்றரிலும் ஒருமுறை அளவுங்கள், டயரின் நுனி வருவது அங்கே. ஃபோர்க்கிலும், இருக்கைப் பக்கக் குழாய்களிலும் இதே மாதிரி. 4.0 டயர் 80 மி.மீ. ரிம்மில் கிட்டத்தட்ட 100 மி.மீ. வரும், இரண்டு பக்கமும் ஆகக் குறைந்தது 6 மி.மீ. விடுங்கள், ஈர மணல் ஒட்டும் என்பதால் நான் 8 விடுவேன், ஆக 116 மி.மீ. இடம் வேண்டும். அது இல்லையென்றால் ரிம்மைக் குறையுங்கள், அல்லது டயரைக் குறையுங்கள். செயினுக்கும் டயருக்கும் இடையில் உள்ள தூரத்தை ஆகச் சின்ன கியரில் வைத்து அளப்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது ஹப். ஃபேட் பைக்கில் பின் ஹப் 170, 177, 190, 197 மி.மீ. என்று வரும், முன் ஹப் பெரும்பாலும் 135 அல்லது 150. சாதாரண மவுண்டன் பைக்கின் பின் ஹப் 135, புதியவற்றில் 142 அல்லது 148. பெடல் அச்சு போகும் குழாயும் சாதாரண சைக்கிளில் 68 அல்லது 73 மி.மீ., ஃபேட் பைக்கில் 100 மி.மீ. அல்லது அதற்கு மேல். இதனால்தான் சாதாரணப் பிரேமில் 80 மி.மீ. ரிம் எந்த வித்தை செய்தாலும் ஏறாது. பிரேமை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கீழ்க்குழாய் ஒட்டு விட்டால் விழுவது காலி வீதியில்.

சாதாரண மவுண்டன் பைக் மட்டும் வைத்திருப்பவர் மனம் தளர வேண்டாம், ஒரு நடுவழி இருக்கிறது. உங்கள் சைக்கிள் 29 அங்குலம் என்றால், 27.5 அங்குலத்தில் 35 முதல் 45 மி.மீ. வரை உள் அகலமுள்ள ரிம்மும் 2.8 அங்குல டயரும் போட்டுப் பார்க்கலாம். 29க்கு 2.1 டயர் போட்டால் மொத்த விட்டம் 728 மி.மீ. அளவு, 27.5க்கு 2.8 போட்டால் 726, கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் சைக்கிளின் உயரம் மாறாது. இடைவெளி மட்டும் மேலே சொன்ன மாதிரி அளந்து பார்க்க வேண்டும், ஆனால் ரிம் சின்னதாகிவிட்டதால் அகலமான இடம் 29 அங்குல டயரில் இருந்ததைவிட அச்சுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவு கிட்ட வரும். இதை வைத்து ஈர மணலில் நன்றாக ஓடலாம். காய்ந்த மணலில் முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிளில் இதை நினைக்கவே வேண்டாம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கின் கைகள் 80 மி.மீ. ரிம்மைச் சுற்றி எட்டாது.

வாங்கும்போது

டாம் வீதிக் கடைகளில் சுற்றினால் ஃபேட் பைக்கின் சாமான்கள் அங்கங்கே கிடைக்கும், ஆனால் 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போன ஊரே சைக்கிளுக்கு மாறியபோது விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே விலை ஒரு நிலையில் நிற்பதில்லை. அதனால் விலையை எழுதவில்லை, மூன்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ரிம்மில் ஒட்டினால் அது இரும்பு, திரும்ப வைத்துவிடுங்கள், கடற்கரைக்கு இரும்பு ரிம் ஒரு மழைக்காலம் தாங்காது. பெரும்பாலான ஃபேட் ரிம்களில் கம்பித் துளைகளுக்கு இடையே பெரிய ஓட்டைகள் வெட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது எடையைக் குறைக்கத்தான். உள்ளே நைலோன் நாடா ஒன்று போட்டு டியூபைத் தடுப்பார்கள், சிவப்பும் மஞ்சளுமாக வெளியே தெரிவது அந்த நாடாதான். நாடா இல்லாமல் ரிம்மை மட்டும் வாங்கிவராதீர்கள், அதன் அகலத்துக்குச் சரியான நாடாவைப் பிறகு தேடிப்பிடிப்பது பெரும் பாடு. ரிம்மில் துளை 32 என்றால் ஹப்பிலும் 32தான் இருக்க வேண்டும். ரிம்மிலும் டயரிலும் 559 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம் மி.மீ.இல் அது. 26 அங்குலம் என்று எழுதியிருப்பவற்றில் வேறு அளவுகளும் உண்டு, 559 என்ற எண் இரண்டிலும் இருந்தால் ஒன்றோடொன்று பொருந்தும்.

வால்வு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ச் சாதாரண சைக்கிள்களில் இருக்கிற, ரப்பர்க் குழாய் போட்ட பழைய வால்வில் கேஜ் வைத்துக் காற்றை அளக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடவும் முடியாது. மணலில் செய்கிற முழு வேலையும் அந்தக் கொஞ்சம் கொஞ்சத்தில்தான் இருக்கிறது. கார் டயரில் வருகிற மாதிரி வால்வு உள்ள டியூபை எடுங்கள், அதற்கு ரிம்மில் 8 மி.மீ.க்குச் சற்றே கூடிய துளை வேண்டும்.

கம்பி பூட்டுவது

முதல்முறை சில்லு பின்னுகிறவர் இதில் தயங்குவது நியாயம். நான் வெள்ளவத்தையில் 30 வருடத்துக்கு மேல் சைக்கிள் திருத்துகிற ஒரு அண்ணையிடம் கொண்டுபோனேன். ரிம்மைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது ரிம்மோ, பீலியோ?"

"ரிம்தான் அண்ணை. துளை இரண்டு வரிசையா இருக்குப் பாருங்கோ."

"அதுதான் பாக்கிறன். துளையே ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது. அது சாயிற பக்கத்துக்குத்தான் கம்பி போகவேணும். மாறிப் பூட்டினா நிப்பிள் கழுத்தில முறியும்."

நிப்பிள் என்பது கம்பியின் நுனியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சின்னத் திருகு. அவர் சொன்னதுதான் இதில் முக்கியமானது. அகல ரிம்மில் துளைகள் நடுவில் ஒரே வரிசையாக வருவது குறைவு, வலமும் இடமுமாக மாறி மாறி வரும், எந்தத் துளை எந்தப் பக்க ஹப் விளிம்புக்கு என்பதை முதல் கம்பி போடும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கம்பியின் நீளத்தை யாரும் சொல்லும் எண்ணை வைத்து வாங்காதீர்கள், அளந்து வாங்குங்கள். இரண்டு பழைய கம்பிகளை நிப்பிளோடு சேர்த்துச் சரியாக 200 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள், ரிம்மின் எதிரெதிர்த் துளைகளில் போட்டு இழுத்துப் பிடித்து, இரண்டு வெட்டு முனைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அதோடு 400ஐக் கூட்டுங்கள். அதுதான் கம்பிக் கணக்குக்கு வேண்டிய ரிம் விட்டம். நாலு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ஹப் விளிம்பின் விட்டம், நடுவிலிருந்து விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு, இவற்றையும் சேர்த்து எந்தக் கம்பிக் கணிப்பானில் போட்டாலும் நீளம் வந்துவிடும். இடம் வேறு, வலம் வேறு வரலாம். கம்பி துருப்பிடிக்காத ஸ்டீல், நிப்பிள் பித்தளை, இந்த இரண்டிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அலுமினிய நிப்பிள் பார்க்க வடிவாக இருக்கும், எடையும் குறைவு, ஆனால் உப்புக்காற்றில் அது அரித்துக் கம்பியோடு இறுகி, நெளிவு எடுக்கப் போகும் நாளில் சாவிக்குள்ளேயே உடையும்.

பின்னும் முறை சாதாரணச் சில்லு மாதிரியே, மூன்று குறுக்கு, அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும். இறுக்கும்போது ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், ஒரு சுற்றில் எல்லா நிப்பிளுக்கும் அரைத் திருப்பு என்று ஆறுதலாகப் போங்கள். ஓட்டை வெட்டிய ஒற்றைச் சுவர் ரிம் மெல்லியது, அவசரப்பட்டால் முட்டை மாதிரி ஆகிவிடும். ரிம் அச்சின் இரண்டு முனைக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கும்போது, கண்ணால் மட்டிடாமல் சில்லைத் திருப்பித் திருப்பி இரண்டு பக்கமும் அளவுங்கள், அகல ரிம்மில் 3 மி.மீ. விலகல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செயினுக்குத் தெரியும். கடைசியில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைச் சோடியாகக் கையால் பிடித்து நெரியுங்கள், டக் டக் என்று முறுக்கு விடும் சத்தம் வரும், பிறகு திரும்ப நெளிவு பாருங்கள். முதல் 50 கிலோமீற்றருக்குப் பிறகு இன்னொரு முறை.

காற்று

உங்கள் பம்ப்பில் இருக்கிற கேஜ் 160 வரை காட்டுகிற ஒன்று என்றால் அது 6க்கும் 9க்கும் வித்தியாசம் காட்டாது. 0 முதல் 15 அல்லது 30 வரை மட்டும் காட்டுகிற சின்ன கேஜ் ஒன்று தனியாக வாங்குங்கள். இந்த வேலைக்கு நான் கொடுத்த காசில் ஆகப் பிரயோசனமானது அதுதான். பெற்றோல் செட் காற்றை இந்த டயருக்கு அடிக்கப் போவதென்றால் மிகக் கவனம். பல ஃபேட் டயர்களுக்கு 30 பி.எஸ்.ஐ.தான் உச்சம், சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. டயர் அகலமானதால் அதே அழுத்தம் ரிம்மின் விளிம்பை மிகப் பலமாக வெளியே தள்ளும், விளிம்பு விரிந்தால் ரிம் போச்சு.

நான் தொடங்கும் அளவுகள் இவை, என் எடை 72 கிலோ. தார் வீதியில் 15 முதல் 18. ஈரமாக இறுகிய மணலில் 8 முதல் 10. காய்ந்து கால் புதையும் மணலில் 5 முதல் 7. பாரத்தில் பெரும் பங்கு பின்னால் என்பதால் முன் சில்லில் எப்போதும் 1 குறைவு. கேஜ் மறந்த நாளில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து யாரையாவது டயரின் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள், நிலத்தோடு படும் இடத்தில் மெல்லிய சுருக்கம் தெரிந்தால் மணலுக்குச் சரி, ரிம் நிலத்தைத் தொடப்போகிற மாதிரி இருந்தால் கூடக் குறைத்துவிட்டீர்கள். வெயிலையும் கணக்கில் எடுங்கள். 25 பாகை உள்ள வீட்டில் 6 வைத்த டயர் நண்பகல் மணலில் 45 பாகைக்குச் சூடாகினால் 7.4 ஆகிவிடும், அதனால் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்து கால் மணித்தியாலம் கழித்து அளந்து விடுவதே நல்லது.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற என் சித்தப்பா மகன் பனியில் ஓடுகிறவன், அவனுக்கு இதே கணக்கு மறுபக்கமாக வேலை செய்கிறது. வீட்டுக்குள் 20 பாகையில் 8 வைத்துவிட்டு வெளியே மைனஸ் 20க்குக் கொண்டுபோனால் டயரில் நிற்பது 5க்குச் சற்றுக் குறைவுதான். தொடக்கத்தில் அவன் டயர் பஞ்சராகிவிட்டது என்று நினைத்துத் திரும்பி வந்திருக்கிறான். கனடாவில் இருக்கிற உறவுகள் யாராவது இதை வாசித்தால்: புதுப்பனியில் 3 முதல் 5 வரை போகலாம், 80 மி.மீ. ரிம்மும் 4.5க்கு மேற்பட்ட டயரும் நல்லது, ரிம்மின் ஓட்டைகளில் பனி அடைந்து உறையும் என்பதால் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் தட்டிவிடுங்கள். டயரின் பூவும் பனிக்கு ஆழமாக வேண்டும். மணலுக்கு நேர்மாறு, ஆழமான பூ மணலைத் தோண்டிக்கொண்டே கீழே போகும், தேய்ந்த டயர் மேலே மிதக்கும். பனி மிதித்தால் இறுகும், காய்ந்த மணல் மிதித்தால் வழியும், வித்தியாசம் அதுதான்.

ஓடும்போது

மணலில் இறங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள், உள்ளே போன பிறகு மாற்றினால் அந்த ஒரு கணம் போதும் நின்றுவிட. பெரிய டயரால் சில்லின் மொத்த விட்டம் 29 அங்குல சைக்கிளைவிடக் கூடிவிடுகிறது, கியர் தானாகப் பாரமாகும், முன் பல்சக்கரம் 28 அல்லது 30 பல்லுக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் பின்னால் தள்ளி இருந்து, கையைத் தளர்த்தி, ஒரே வேகத்தில் பெடல் அடியுங்கள். எழுந்து நின்று மிதித்தால் பின் சில்லு கிணறு தோண்டும். திரும்ப வேண்டும் என்றால் ஹாண்டிலை முறிக்காமல் பெரிய வட்டமாகத் திரும்புங்கள்.

நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது, அதனால் தண்ணீர் ஓரமாக இறுகி நிற்கிற மணல் ஒரு ஒல்லி நாடாதான், அதைப் பிடித்துப் போனால் பாதி உழைப்பு மிச்சம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அலை அந்த நாடாவையே தின்றுவிடும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் மேற்குக் கரையில் ஓட நல்ல காலம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ரயில் பாதையும் கல்லும்தான், அங்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளம் கடக்காதீர்கள், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. கல்கிசை நல்லது, விடியற்காலை. நீர்கொழும்பில் நீளமான கரை உண்டு, ஆனால் மணலில் மீன் காயப்போட்டிருப்பார்கள், அதற்குள் சில்லை விடக் கூடாது. கரைவலை இழுக்கிற இடத்தில் கயிறு மணலுக்கு மேலே கிடக்கும், இறங்கி, சைக்கிளைத் தூக்கிக் கடந்து, இழுக்கிறவர்களுக்கு வழிவிட்டுப் போங்கள், அது அவர்களுடைய வேலையிடம். கொஸ்கொட மாதிரி ஆமை முட்டையிடும் கரைகளில் இரவில் ஓடவே வேண்டாம், சில்லுத் தடம் ஒரு சின்னக் குஞ்சுக்கு ஏற முடியாத வாய்க்கால்.

கழுவுவது

கடல் தண்ணீருக்குள் ஓடுவது படத்துக்கு வடிவாக இருக்கும், ஹப்பின் பேரிங்குக்கு அது நஞ்சு. ஓடி முடித்த அன்றே, அடுத்த நாள் பார்ப்போம் என்று விடாமல், குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பலமாகப் பீச்சினால் மணல் பேரிங்குக்குள்ளேயே போய்விடும். டிஸ்க் பிரேக் கிறீச்சிட்டால் பெரும்பாலும் மணல்தான், தண்ணீர் ஊற்றினால் போய்விடும். செயினுக்குத் தேங்காய் எண்ணெயோ பழைய எஞ்சின் ஒயிலோ போடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்து அரம் மாதிரி அராவிவிடும். மெழுகு வகை நல்லது, கிடைக்காவிட்டால் மெல்லிய எண்ணெய் ஒரு துளி, பிறகு துணியால் துடைத்து வெளியே ஈரம் தெரியாத அளவுக்கு.

பலர் தவறவிடுவது ரிம்மின் உள்ளே. அந்த வெட்டிய ஓட்டைகள் வழியே உப்புத் தண்ணீர் நாடாவுக்கு அடியில் போய்த் தங்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான்கு கிழமைக்கு ஒருக்கால் டயரைக் கழற்றி, நாடாவையும் எடுத்து, நிப்பிள்களைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு நிப்பிளின் அடியிலும் ஒரு துளி எண்ணெய் விட்டு, நாடாவை வால்வுத் துளைக்கு நேராகத் திரும்பப் போடுங்கள்.